ஆரோக்கியமானவர்கள் வெளியேறும்போது

1999 முடியும் நேரத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விநோதமான ஒரு தட்டுப்பாடு வந்தது. போயிங் விமானம் கட்டுகிற மாநிலம். மைக்ரோசாஃப்ட்டின் தலைமையகம் உள்ள மாநிலம். அங்கே பணத்துக்கும் பஞ்சமில்லை, மருத்துவமனைக்கும் பஞ்சமில்லை. ஆனால் அலுவலகம் வழியாகக் காப்பீடு கிடைக்காத ஒருவர், ஒரு சிறு கடைக்காரரோ சொந்தமாகத் தச்சுவேலை செய்பவரோ, குடும்பத்துக்கு ஒரு மருத்துவ பாலிசி எடுக்கலாம் என்று கிளம்பினால், மாநிலத்தின் பெரும்பகுதியில் அதை விற்க ஆளில்லை. கூடுதல் பிரீமியம் தருகிறேன் என்றாலும் கிடைக்காது. தனிநபர் பாலிசி விற்றுவந்த பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புது ஆட்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டிருந்தன.

இந்த நிலைக்குக் கொண்டுபோன சட்டத்தைப் படித்தால், அதை எழுதியவர்கள்மேல் மரியாதைதான் வரும். 1993-ல் அந்த மாநிலம் கொண்டுவந்த மருத்துவச் சீர்திருத்தச் சட்டம் இரண்டு அநியாயங்களைத் தடுத்தது. நோய் இருக்கிறது என்பதற்காக எந்த நிறுவனமும் ஒருவருக்கு பாலிசி மறுக்கக்கூடாது. நோயாளி என்பதற்காகத் தனி விலையும் கேட்கக்கூடாது. அதே சட்டத்தில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: சில ஆண்டுகளுக்குள் எல்லோரும் கட்டாயம் காப்பீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அடுத்த தேர்தலில் சட்டமன்றத்தின் நிறம் மாறியது. மக்களுக்குப் பிடிக்காத அந்த மூன்றாவது விதியை 1995-ல் நீக்கினார்கள். பிடித்த முதல் இரண்டையும் விட்டுவைத்தார்கள். நான்கே ஆண்டுகளில் சந்தை மூடிக்கொண்டது.

தனியார் மருத்துவக் காப்பீட்டில் அரசு தலையிடலாமா என்ற விவாதம் பெரும்பாலும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு குரல்களில்தான் நம் காதில் விழுகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் கதை இரண்டு தரப்புக்கும் வசதியானதல்ல. சந்தையை அப்படியே விட்டிருந்தால் நோயாளி வெளியே நின்றிருப்பார். பாதி விதியைப் போட்டதால் எல்லோருமே வெளியே நின்றார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ள ஐந்து பேரும் கூட்டல் கழித்தலும் போதும்.

ஐந்து பேருக்கு வயது முறையே 25, 35, 45, 55, 65. ஓர் ஆண்டில் அவர்களுக்கு ஏற்படக்கூடிய சராசரி மருத்துவச் செலவு முறையே 2,000, 6,000, 10,000, 14,000, 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று பெரிய செலவு வந்துவிடுமோ என்ற பயம் ஐவருக்கும் உண்டு. அந்தப் பயம் நீங்குவதற்காகத் தங்கள் சராசரிச் செலவுக்கு மேல் 1,500 ரூபாய் கூடக் கொடுக்க ஐவருமே தயார். ஆக, 25 வயதுக்காரர் 3,500 வரை கொடுப்பார், 65 வயதுக்காரர் 19,500 வரை கொடுப்பார். விற்பது லாபமே வேண்டாம் என்கிற ஒரு தர்ம நிறுவனம். யாரையும் தள்ளாமல், எல்லோருக்கும் ஒரே விலை. மொத்தச் செலவு 50,000, ஆள் ஐந்து பேர், பிரீமியம் 10,000.

25 வயதுக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. 7,500-க்கு மேல் போகமுடியாத 35 வயதுக்காரருக்கும் அப்படியே. இருவரும் விலகுகிறார்கள். மீதி மூவரின் செலவு 42,000. பிரீமியம் 14,000 ஆகிறது. 45 வயதுக்காரரின் உச்சவரம்பு 11,500. அவரும் போகிறார். இப்போது இருவர், 32,000 செலவு, ஆளுக்கு 16,000. 55 வயதுக்காரர் 15,500 வரைதான் வருவார். ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தில் அவரும் கழன்றுகொள்கிறார். கடைசியில் 65 வயதுக்காரர் ஒருவரே, தன் முழுச் செலவான 18,000-ஐத் தானே பிரீமியமாகக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெயருக்குக் காப்பீடு; பகிர்ந்துகொள்ள இன்னொரு ஆள் இல்லை.

இந்தக் கணக்கில் பேராசைக்காரர் யாருமில்லை. நிறுவனம் ஒரு ரூபாய்கூட லாபம் வைக்கவில்லை. ஐந்து பேருமே நியாயமான விலைக்கு மேலே கொடுக்கத் தயாராக வந்தார்கள். நான்கு பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒவ்வொருவரும் தன் உடம்பைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை வைத்துப் புத்திசாலித்தனமாக முடிவெடுத்தார். அதனால்தான் எல்லாம் குலைந்தது. எனக்கு இன்றும் வியப்புத் தருவது இந்த இடம்தான்.

வயதுக்கு ஏற்ற விலை வைத்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு தீரும். ஆனால் 45 வயதுக்காரர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டாலும் அவர்களுக்குள்ளும் சர்க்கரை உள்ளவர், இல்லாதவர், நெஞ்சுவலியை வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பவர் என்று அதே வரிசை இருக்கும். கணக்கு அங்கேயும் ஓடும்.

பொருளியலாளர்கள் இதைக் கண்டுகொள்ள நாளானது. கென்னத் ஆரோ 1963-ல் மருத்துவச் சந்தை பற்றி எழுதிய கட்டுரை, இங்கே வழக்கமான சந்தை விதிகள் ஏன் பிசகுகின்றன என்று முதன்முதலாக முறைப்படி கேட்டது. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் விற்பனையை உதாரணமாக வைத்து, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையைவிட்டு ஓடிவிடும் என்று காட்டினார். 65 வயது தாண்டியவர்களுக்கு ஏன் மருத்துவக் காப்பீடு எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே அவர் எடுத்துப் பேசுகிறார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. 1990-களின் நடுவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்கான காப்பீட்டு முறையை மாற்றியது. எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பல்கலைக்கழகத்தின் பங்கு ஒரே தொகைதான். அதற்கு மேலே ஆகும் வித்தியாசத்தை ஊழியரே கட்ட வேண்டும். விரும்பிய மருத்துவரிடம் போக வழிசெய்யும் தாராளமான திட்டத்தின் விலை ஊழியர் கணக்கில் ஏறியது. வயதில் குறைந்தவர்கள், நோய் குறைந்தவர்கள் மலிவான திட்டத்துக்கு மாறினார்கள். தங்கியவர்கள் செலவு அதிகமுள்ளவர்கள் என்பதால் அடுத்த ஆண்டு பிரீமியம் மேலும் ஏறியது; மேலும் சிலர் போனார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டத்தை இழுத்து மூடவேண்டியதாயிற்று. டேவிட் கட்லர், சாரா ரெபர் இருவரும் 1998-ல் இதைப் படிப்படியாகப் பதிவுசெய்தார்கள். படித்தவர்களும் பொருளியல் பேராசிரியர்களும் நிறைந்த இடத்திலேயே இது நடந்தது.

வேறெந்தக் காப்பீட்டையும்விட மருத்துவக் காப்பீட்டுக்கு இந்த நோய் ஏன் அதிகம்? தீ விபத்து முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு வருவதில்லை. நாள்பட்ட நோய் பல நேரம் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. வந்தால் அடுத்த ஆண்டும் இருக்கிறது, அதற்கடுத்த ஆண்டும் இருக்கிறது. செலவும் சமமாகப் பரவியிருப்பதில்லை. அமெரிக்காவில் ஓர் ஆண்டின் மருத்துவச் செலவில் ஏறத்தாழ பாதி, மக்கள்தொகையின் 5 சதவீதத்தினரால் ஆகிறது. செலவு குறைந்த பாதி மக்கள் எல்லோரும் சேர்ந்து செலவழிப்பது சுமார் 3 சதவீதம். அந்த 5 சதவீதத்தினர் யார் என்று முன்கூட்டி ஊகிக்க முடிந்தால், ஒரு நிறுவனத்துக்கு அதைவிட லாபமான திறமை வேறில்லை. நல்ல சிகிச்சை கிடைக்கச் செய்வதைவிட, சரியான ஆளைத் தவிர்ப்பதில் பணம் அதிகம். இங்கே விதி வேண்டும் என்று நான் சொல்வது நிறுவனங்கள் கெட்டவை என்பதால் அல்ல. நல்ல நிறுவனம் ஒன்று நோயாளிகளை அரவணைத்தால் அதுதான் முதலில் திவாலாகும் என்பதால்.

வாஷிங்டன் மாநிலம் பிறகு 2000-ல் ஒரு சமரசத்துக்கு வந்தது. விண்ணப்பிப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். அதில் மிக மோசமான நிலையில் உள்ள 8 சதவீதத்தினரை நிறுவனம் மறுக்கலாம். அவர்களுக்கு மாநிலம் தனியாக ஒரு திட்டம் நடத்தும். நிறுவனங்கள் திரும்பி வந்தன. கென்டக்கி மாநிலமும் 1994-ல் இதேபோலச் சட்டம் போட்டு, நிறுவனங்கள் ஓடிப்போனபின் சட்டத்தைச் சுருட்டிவைத்தது.

எதிர்வழியில் போன மாநிலம் மாசசூசெட்ஸ். 2006-ல், மிட் ராம்னி ஆளுநராக இருந்தபோது, மறுக்கக்கூடாது என்ற விதியோடு எல்லோரும் வாங்கவேண்டும் என்ற விதியையும், ஏழைக்கு அரசு மானியம் என்ற விதியையும் ஒன்றாக வைத்தது. அபராதம் நடைமுறைக்கு வந்த சமயத்தில் யார் சேர்ந்தார்கள் என்று ஆராய்ந்தவர்கள், கட்டாயம் வருவதற்கு முன்பு சேர்ந்தவர்களில் நாள்பட்ட நோயாளிகள் அதிகம், கட்டாயம் வந்தபோது ஆரோக்கியமானவர்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள் என்று கண்டார்கள். ஐந்து பேர் கணக்கில் வெளியே போன 25 வயதுக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

இதையே நாடு முழுவதற்கும் விரித்ததுதான் 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம். நோயைக் காட்டி மறுக்கக்கூடாது. விலை வித்தியாசத்துக்கு வயது ஒரு காரணமாகலாம், ஆனால் மூத்தவருக்கு இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது. தனிநபர் பாலிசியில் வாங்கும் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் போக வேண்டும். குறைந்தால் வித்தியாசத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். வாங்காதவருக்கு அபராதம், வருமானம் குறைந்தவருக்கு மானியம்.

அபராதம்தான் நாட்டைப் பிளந்தது. அரசு என்னைக் காப்பீடு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம் என்றால், நாளைக்கு பிராக்கலி வாங்கச் சொல்லியும் கட்டாயப்படுத்துமா என்ற கேள்வி உச்ச நீதிமன்ற விசாரணையிலேயே எழுந்தது. நீதிபதி ஸ்கேலியா கேட்டது அது. 2012-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அபராதத்தை ஒரு வரியாகக் கருதிச் சட்டம் பிழைத்தது. அந்தக் கேள்வியை நான் அலட்சியமாக ஒதுக்கமாட்டேன். தான் விரும்பாத ஒன்றை வாங்கும்படி குடிமகனைச் சட்டம் அமுக்குவது சின்ன விஷயமில்லை. ஆனால் பிராக்கலியை நான் வாங்காமல் விட்டால் அடுத்தவருக்கு அதன் விலை ஏறுவதில்லை. காப்பீட்டில் ஏறுகிறது.

அந்த அபராதம் வழியாக யாரும் திட்டமிடாத ஒரு பெரிய பரிசோதனையும் நடந்தது. அபராதம் கட்டிய 45 லட்சம் குடும்பங்களுக்கு அமெரிக்க வருமான வரித்துறை, ‘காப்பீடு எடுத்தால் அபராதத்தைத் தவிர்க்கலாம், இப்படி எடுக்கலாம்’ என்று விளக்கிக் கடிதம் அனுப்ப முடிவுசெய்தது. பணம் போதவில்லை. எனவே குலுக்கல் முறையில் 39 லட்சம் குடும்பங்களுக்குக் கடிதம் போனது, மீதிக் குடும்பங்களுக்குப் போகவில்லை. கடிதம் பெற்றவர்களில் காப்பீடு எடுத்தவர்கள் கூடினார்கள். கோல்டின், லூரி, மெக்கபின் என்ற மூன்று ஆய்வாளர்கள் பிறகு இரண்டு குழுக்களின் இறப்புக் கணக்கையும் ஒப்பிட்டார்கள். காப்பீடு இல்லாதிருந்த 45 முதல் 64 வயதுக்காரர்களில், கடிதம் பெற்ற ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஒரு மரணம் குறைந்திருந்தது. ஒரு தாள், ஒரு உறை, ஒரு தபால்தலை. காப்பீடு இருந்தால் உயிர் தங்குமா என்ற நீண்டகாலக் கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் ஒரு வரித்துறைக் கடிதத்திலிருந்து வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

பிறகு நடந்தது, நான் இதுவரை சொன்ன கணக்கையே சற்றுத் திருத்தச் சொல்கிறது. 2017 டிசம்பரில் போட்ட வரிச் சட்டம் அபராதத்தை 2019 முதல் பூஜ்ஜியமாக்கியது. கட்டாயம் போய்விட்டது, ஆரோக்கியமானவர்கள் கிளம்பிவிடுவார்கள், வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது நாடு முழுக்க நடக்கும் என்று பலர் எச்சரித்தார்கள். நடக்கவில்லை. காரணம் மானியம் அமைந்திருந்த விதம். ஒருவர் தன் வருமானத்தில் இத்தனை சதவீதம் கட்டினால் போதும், பிரீமியத்தில் மீதி அரசுடையது என்பது ஏற்பாடு. பிரீமியம் ஏறினாலும் அவர் கையிலிருந்து போவது ஏறுவதில்லை. ஏறியதை அரசின் கஜானா விழுங்கிக்கொள்கிறது. ஐந்து பேர் கணக்கில் 35 வயதுக்காரரை வெளியே தள்ளிய விலையேற்றம் அவர் கண்ணிலேயே படுவதில்லை. 2021-ல் மானியத்தை இன்னும் தாராளமாக்கினார்கள். 2025-ல் சுமார் 2.4 கோடிப் பேர் அந்தச் சந்தையில் இருந்தார்கள். அந்தக் கூடுதல் மானியம் 2025-உடன் முடியவிருந்தது என்பதற்காகத்தான் அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவ்வளவு பெரிய முட்டுக்கட்டை. மிரட்டிச் சேர்க்க முடியாதவரைச் சலுகை கொடுத்துச் சேர்க்கலாம். செலவு வரி கட்டுபவர் தலையில்.

தலையீடு வேண்டாம் என்பவர்களின் வாதத்தில் மிக அழகானது பொருளியலாளர் ஜான் காக்ரேனுடையது, 1995-ல் எழுதினார். இன்றைய காப்பீடு இந்த ஆண்டு பில்லை மட்டுமே பார்க்கிறது. நாள்பட்ட நோய் வந்தவரின் உண்மையான இழப்பு அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரீமியம் எகிறுவதுதான் என்கிறார். அப்படியானால் அந்தப் பிரீமிய உயர்வுக்கே தனியாக ஒரு காப்பீடு விற்கலாமே? இளமையில் சிறிது கட்டிவைத்தால், பின்னால் சர்க்கரை வந்து பிரீமியம் இரட்டிப்பானால், அந்த வித்தியாசம் ஒரு மொத்தத் தொகையாகக் கைக்கு வரும். அதைக் கொண்டு எந்த நிறுவனத்துக்கும் போகலாம். நோயாளியைத் தேடிவந்து நிறுவனங்கள் போட்டிபோடும்; அரசு ஓரமாக நிற்கலாம்.

படித்தபோது மலைத்துப்போனேன். ஆனால் எங்கும் பெரிய அளவில் அது விற்பனைக்கு வரவில்லை. அதற்கு மிக அருகில் வருவது ஜெர்மனியின் தனியார் மருத்துவக் காப்பீடு. அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதில் இருக்கிறார். இளமையில் தேவைக்கு மேல் வாங்கி, முதுமைக்கான சேமிப்பாக நிறுவனம் வைத்திருக்கும். ஆனால் முன்பெல்லாம் நிறுவனம் மாற நினைத்தால் அந்தச் சேமிப்பு பழைய நிறுவனத்திலேயே தங்கிவிடும். ஆகவே யாராலும் நகர முடியவில்லை. 2009-ல் அதில் ஒரு பகுதியையாவது கையோடு எடுத்துப்போகலாம் என்று வழிசெய்தது எது? சட்டம்தான். முதுமைக்கென்று சேமித்தே தீரவேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டிப்போட்டதும் சட்டம்தான்.

சட்டத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் யாரும் நம்பவேண்டாம். ‘மறுக்கக்கூடாது, ஒரே விலை’ என்று சொல்லிவிட்டால், நிறுவனம் நோயாளியை வாசலில் தடுக்காது; வாசலுக்கே வராமல் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் சில, உடற்பயிற்சிக்கூட உறுப்பினர் வசதியை இலவசமாகச் சேர்த்தன. முதியோர் நலனில் எவ்வளவு அக்கறை! 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தச் சலுகை வந்தபின் அத்திட்டங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமானவர்களாக இருந்ததைக் காட்டியது. நடக்கவே சிரமப்படுபவர் ஜிம்முக்காக பாலிசி எடுப்பாரா? இன்னும் மோசமானதும் உண்டு. சில நிறுவனங்கள் எச்.ஐ.வி. மருந்துகள் அத்தனையையும் நோயாளி மிக அதிகம் கட்டவேண்டிய பிரிவில் வைத்தன. சட்டப்படி மறுப்பு இல்லை. ஆனால் அந்த நோயாளி அந்த பாலிசியை ஒருநாளும் தேர்ந்தெடுக்கமாட்டார்.

இந்த இடத்தில்தான் நெதர்லாந்தைப் பார்க்க வேண்டும். என் கணிப்பில், தனியார் காப்பீட்டை வைத்துக்கொண்டே இந்தப் புதிரை மிக நெருங்கித் தீர்த்த நாடு அது. 2006 முதல் அங்கே அடிப்படைக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம். விற்பது தனியார் நிறுவனங்கள். யாரையும் மறுக்க முடியாது; ஒரு நிறுவனத்தின் ஒரு பாலிசிக்கு 20 வயதுக்காரருக்கும் 80 வயதுக்காரருக்கும் ஒரே பிரீமியம். 18 வயதுக்குக் கீழே பிரீமியமே இல்லை. ஆண்டு முடிவில் யாரும் நிறுவனம் மாறலாம். இதுவரை சொன்ன கணக்குப்படி, நிறுவனங்கள் நோயாளிகளைக் கண்டு ஓடவேண்டும். ஓடாமல் இருக்க நடுவில் ஒரு பொது நிதி இருக்கிறது. வருமானத்தோடு சேர்த்து வசூலிக்கும் பங்களிப்பு அந்த நிதிக்குப் போகிறது. அங்கிருந்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும், அது சேர்த்துக்கொண்ட ஆட்களின் உடல்நிலைக்குத் தகுந்தபடி பணம் பிரிகிறது. திடமான இளைஞருக்காகக் கிடைப்பது சொற்பம். சிறுநீரகம் பழுதான ஒருவருக்காகப் பெருந்தொகை.

யார் நோயாளி என்று நிறுவனம் சொல்வதை அப்படியே நம்பிவிடுவதில்லை. மருந்துக் கணக்கே சாட்சி சொல்கிறது. ஒருவர் ஓராண்டில் சர்க்கரை மருந்தையோ பார்க்கின்சன் மருந்தையோ 180 நாளைக்கு உரிய அளவைத் தாண்டி வாங்கியிருந்தால், அடுத்த ஆண்டு அவர் அந்த நோய்க்குழுவில் சேர்க்கப்பட்டு, அவருடைய நிறுவனத்துக்குக் கூடுதல் பணம் வரும். ஏதோ ஒரு முறை வாங்கியவர் கணக்கில் வரமாட்டார், நாள்பட்டவர் தப்பமாட்டார். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஒரு சர்க்கரை நோயாளி நிறுவனத்துக்குச் சுமையில்லை. அவரை நன்றாகக் கவனித்து, கால் அழுகாமல் கண் போகாமல் பார்த்துக்கொண்டால், வந்த பணத்தில் மிச்சம் பிடிக்கலாம். ஆளைத் தவிர்ப்பதில் இருந்த லாபத்தை, ஆளைக் கவனிப்பதற்கு மாற்றிவிட்டார்கள். கணக்கு இன்னும் கச்சிதமாக இல்லை. சில நோய்களுக்குக் குறைவாகவும் ஆரோக்கியமானவர்களுக்குச் சற்று அதிகமாகவும் ஈடுகட்டுகிறது என்று ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைனாண்ட் வான் டெ வென் போன்றவர்கள் விடாமல் சொல்லிவருகிறார்கள். அரசும் ஆண்டுதோறும் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டின் விதிகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும். 1986-ல் அரசு நிறுவனங்கள் மெடிக்ளைம் பாலிசியைத் தொடங்கிய நாளிலிருந்தே இந்தியா எடுத்த வழி வேறு. யாரையும் சேர்க்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, எல்லோரும் வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புரோபோசல் ஃபார்மில் சர்க்கரை, பிரஷர், ஆபரேஷன் என்று வரிசையாகக் கேட்பார்கள். பார்த்துவிட்டு ஏற்கலாம், மறுக்கலாம், விலை கூட்டலாம். நோய் வந்தபின் ஓடிவந்து சேருபவரைத் தடுக்கக் காத்திருப்புக் காலம் உண்டு. ஒழுங்குமுறை அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒவ்வொன்றாக இந்தக் கதவுகளைத் தளர்த்திவருகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024-ல் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரின் க்ளைமை, ‘ஃபார்மில் நோயைச் சொல்லவில்லை’ என்று காட்டி மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு இது எட்டு ஆண்டு. க்ளைம் வாங்கினார் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கலாம்.

மருத்துவமனை பில்லோடு மல்லுக்கட்டிய எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இவற்றின் அருமை தெரியும். ஆனால் இதிலும் ஒரு பாதி விதி இருக்கிறது. 2011 முதல், சேர்த்துவைத்த காத்திருப்புக் காலத்தை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் புது நிறுவனம் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம். இதன் பொருள் என்ன? ஆரோக்கியமானவர் மாறிக்கொள்வார், டயாலிசிஸில் இருப்பவர் மாற முடியாது. பழைய பாலிசியில் நோயாளிகள் மட்டும் தங்க, அதன் பிரீமியம் ஆண்டுக்காண்டு ஏறும். ஐந்து பேர் கணக்கை, நம் ஊரில் உரிமை என்ற பெயரில் மெதுவாக ஓடவிட்டிருக்கிறோம். அறுபதைத் தாண்டியவர்களின் பிரீமியம் ஒரே ஆண்டில் தாறுமாறாக ஏறியதாக எழுந்த கூக்குரலுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். மருத்துவமனைச் செலவு ஏறியது இன்னொரு காரணம்.

2025 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதற்கு ஒரு தடுப்பு வைத்தது: மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முன்கூட்டித் தன்னிடம் கலந்துபேச வேண்டும். விலையை மட்டும் கட்டினால் நிறுவனம் அந்த பாலிசியையே வாபஸ் வாங்கிவிடும் என்பது வாஷிங்டன் மாநிலத்தின் பாடம். அதே உத்தரவு, மூத்தவர்களுக்கான தனிநபர் பாலிசியை வாபஸ் வாங்குவதற்கும் முன்கூட்டிக் கலந்துபேச வேண்டும் என்கிறது. இரண்டு கதவையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அது நல்ல அறிகுறி. புதிதாகச் சேர்ப்பது என்ற மூன்றாவது கதவு இன்னும் நிறுவனத்தின் கையில்தான். எல்லா வயதினருக்கும் பாலிசி வைத்திருக்கவேண்டும் என்று 2024-ன் விதி சொல்கிறது. சர்க்கரையும் ஸ்டென்ட்டும் உள்ள 62 வயதுக்காரர் வந்து கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை.

வசூலித்த பணத்தில் எவ்வளவு திரும்பவேண்டும் என்ற 80 சதவீத விதியைப் போன்ற ஒன்றும் நம்மிடம் இல்லை. 2023-24 கணக்கில், மருத்துவக் காப்பீடு மட்டுமே விற்கும் தனி நிறுவனங்கள் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் க்ளைமாகக் கொடுத்தது சுமார் 65 ரூபாய். அரசு நிறுவனங்கள் கொடுத்தது நூற்றுக்கும் மேலே. அரசு நிறுவனங்கள் பெரிய கம்பெனிகளின் குரூப் பாலிசிகளை மலிவாக எடுப்பதும், தனி நிறுவனங்கள் ஏஜென்ட் கமிஷன் கொடுத்து வீட்டுக்கு வீடு விற்பதும் இந்த இடைவெளிக்கு ஒரு பகுதி விளக்கம். ஆனால் வீடு வீடாக வாங்கியவர் யார்? முதலாளி வழியாகக் காப்பீடு இல்லாத குடும்பம்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு இன்று 5 லட்சம் வரை. பிரீமியத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசே கட்டுகிறது. இந்தத் திட்டத்தில் ஐந்து பேர் கணக்கு ஓடுவதில்லை, ஏனென்றால் விலகுவதற்கு யாருக்கும் காரணமில்லை. திடகாத்திரமானவரும் நோயாளியும் ஒரே அட்டையில் உள்ளே இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு, 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் திறந்துவிட்டது. நடுவே நிற்பவர் வருமான வரம்பைச் சற்றே தாண்டியவர், வயது எழுபதைத் தொடாதவர், சொந்தத் தொழில் செய்பவர். தனியார் சந்தையைத் தவிர அவருக்குப் போக்கிடம் இல்லை. விதிகள் யாருக்காக என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

அவருக்காகச் செய்யவேண்டியது, மறுக்கக்கூடாது என்று ஒற்றை வரி உத்தரவு போடுவதல்ல. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்துவிட்டோம். அறுபது தாண்டியவர்களையும் நாள்பட்ட நோயாளிகளையும் சேர்க்கும் நிறுவனத்துக்கு, சேர்க்காத நிறுவனங்களிடமிருந்து பணம் போய்ச்சேரும் ஒரு பொது நிதி வேண்டும். பாலிசி மாறும் உரிமை நோயாளிக்கும் நிஜமாகவே கிடைக்கவேண்டும். இளைஞர்கள் முன்கூட்டியே சேருவதற்கு வருமானத்தோடு பொருந்திய மானியம் வேண்டும். இத்தனைக்கும் தேவையான நுட்பமான தரவு இந்தியாவில் எங்கே என்று அதிகாரிகள் கேட்பார்கள். நெதர்லாந்து இந்த ஈடுகட்டும் முறையை 1993-ல் தொடங்கியபோது நோய்க்குழுவும் இல்லை, மருந்துக் கணக்கும் இல்லை. வயது, பாலினம் என்ற இரண்டே விவரங்களை வைத்துத் தொடங்கினார்கள். மருந்துக் கணக்கு சேர்ந்தது 2002-ல்தான். அந்த இரண்டு விவரங்களையும் நம் நிறுவனங்கள் ஒவ்வொரு புரோபோசல் ஃபார்மிலும் கேட்டு வாங்கி வைத்திருக்கின்றன.